உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸ்

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் வரும் நேர் ரோட்டில், இன்ஜின் மாற்றிய எங்கள் அம்பாசிடர் 70-ஐத் தொட்டதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஐடிலில் விட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடும். பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒழுகல் இல்லை, ஆவி இல்லை, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது. மறுபடி கிளம்பி வேகம் பிடித்தால் மறுபடி முள் ஏறும். மூன்று வாரம் இந்தக் கண்ணாமூச்சி. தம்பி ரேடியேட்டரைக் குற்றம் சொன்னான். பட்டறைக்காரர் தெர்மோஸ்டாட் வால்வை, அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வை, கழற்றி எறியச் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய இன்ஜினையே வைத்திருக்கலாம் என்று அவர் மனசுக்குள் நினைப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

வண்டி 1977-ம் வருஷத்து அம்பாசிடர், மார்க் 3. அப்பா கடை ஆரம்பித்த புதிதில் இரண்டாம் கையாக வாங்கியது. மண்டபத்தில் எங்களுடையது படகு இன்ஜின் சாமான் விற்கும் கடை. பதினோரு வருஷமாக நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெல்ட், இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் இறக்கை), ஃபில்டர், ஹோஸை இறுக்கும் கிளாம்ப் எல்லாம் உண்டு. அதிகம் போவது ஹோஸ்தான். சுருள் சுருளாகக் கூரையிலிருந்து தொங்கும். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹோஸ் விற்றே பிழைக்கிற எனக்கு, சொந்த வண்டிக்கு ஹோஸ் தேர்ந்தெடுக்க மூன்று மாசம் ஆனது.

பழைய 1489 சிசி இன்ஜினை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. எங்கள் ஊர் நிலத்தின் அகலம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. வடகடலில் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் தென்கடலுக்கு நடந்துவிடலாம். கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர். குடிக்க ஒரு குடம் கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில் ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது யாருக்குத் தோன்றும்? கிணற்றில் மொண்டு ஊற்றினோம். வருஷக்கணக்கில் ஊற்றினோம். போன மழைக்காலத்தில் பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டு மூடிகள் ஒவ்வொன்றாகக் கசிந்தன. கழற்றிப் பார்த்தால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் செங்கல் பொடி போலத் துரு. ஒரு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை பிளாக்குக்குள்ளேயே இறங்கியது.

அதனால்தான் இன்ஜின் மாற்றம். பின்னாளைய அம்பாசிடர்களில் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜினும் அதன் ஐந்து கியர் பெட்டியும் மதுரையில் ஒரு பழைய வண்டியிலிருந்து கிடைத்தன. அதே கம்பெனி வண்டியின் இன்ஜின் என்பதால் இடம் போதும், பாகங்களும் கிடைக்கும். இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைந்தது தனிக்கதை. இங்கே வேண்டாம். ரேடியேட்டரும் வண்டியோடு வந்த பழையதில்லை. ராமநாதபுரத்தில் புது கோர் வைத்துக் கட்டிய பித்தளை ரேடியேட்டர். ஆக, இன்ஜின் ஒரு வண்டியுடையது, ரேடியேட்டர் இன்னொன்றுடையது. இரண்டையும் சேர்க்கிற ஹோஸ் எந்தக் கம்பெனி அட்டவணையிலும் இல்லை.

டாப் ஹோஸ் சுலபமாக அமைந்தது. அதில் இன்ஜினிலிருந்து வெந்நீர் வெளியே வருகிறது, பம்ப் தள்ளுகிறது. நல்ல ரப்பர், சரியான விட்டம், மேடு பள்ளம் இல்லாத ஓட்டம் இருந்தால் போதும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்று தங்கும். எனவே இன்ஜினிலிருந்து ரேடியேட்டர் வரை ஒரே வாட்டமாகப் போகும்படி வைத்தேன். பாட்டம் ஹோஸ்தான் சிக்கல். ரேடியேட்டரின் அடியிலிருந்து கிளம்பி, கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தைத் தாண்டி, பெல்ட்டுக்கு ஒதுங்கி, மேலே திரும்பிப் பம்பின் வாய்க்குள் போக வேண்டும். இரண்டு வளைவு, இரண்டும் வேறு வேறு திசையில். கடையில் தொங்கிய டெலிவரி ஹோஸ் (பம்ப் தள்ளுகிற பக்கத்துக்கானது) சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கையால் வளைத்து மாட்டினேன். உள்ளே ஒற்றைத் துணி போட்ட மெத்தென்ற ஹோஸ். நன்றாக வளைந்தது. அந்த மெத்தென்ற தன்மைதான் எனக்குப் பிடித்தது, அதுதான் தப்பு.

தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளெல்லாம் கரையேறும். இன்ஜின்கள் பிரியும். என் கடையில் கூட்டம் நெரியும். படகு மெக்கானிக்குகளில் மூத்தவர் ஒருவரை ஊரில் எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படித்தான். அறுபது வயசு தாண்டிவிட்டது. இன்னும் படகின் வயிற்றுக்குள் தலைகீழாக இறங்கி வேலை பார்க்கிறார். இம்பெல்லர் வாங்க வந்தவர் கடை வாசலில் அம்பாசிடர் பானெட் திறந்து நிற்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். முழுக்கதையும் சொன்னேன்.

"ஓடும்போது ஏறுது, நின்னா எறங்குதா?"

"ஆமா காக்கா."

"நின்னப்புறம் தொறந்து பாத்தா என்ன தெரியும்? தொறந்து வச்சுக்கிட்டே முறுக்கச் சொல்லு."

இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்தோம். தம்பி உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தான். காக்கா டார்ச்சை அடியில் காட்டினார். இன்ஜின் சத்தம் ஏற ஏற பாட்டம் ஹோஸின் முதல் வளைவு உள்ளே இழுத்தது. இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் காகித ஸ்ட்ரா சப்பையாகுமே, அப்படி. தம்பி காலை எடுத்ததும் ஹோஸ் பழையபடி உருண்டையாகிவிட்டது. மூன்று வாரமாக நான் வேகம் அடங்கி வண்டி நின்ற பிறகே பானெட்டைத் திறந்து கொண்டிருந்தேன்.

காக்கா திட்டவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கடத்தண்ணி உறியிற பக்கத்துக்கு ஹோஸ் கேட்டு வந்தா நீ எதக் குடுப்பே தங்கச்சி?"

"கம்பி போட்டது."

"ஏன்?"

"சாதா ஹோஸ் சப்பிப்போயிரும்..."

அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு நானே சொல்லி விற்கிற விஷயம். தள்ளுகிற பக்கம் வேறு, உறிஞ்சுகிற பக்கம் வேறு. காரில் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது பாட்டம் ஹோஸ் வழியாகத்தான். ஆர்.பி.எம். ஏறினால் உறிஞ்சல் கூடும். ரப்பர் சூட்டில் இளகியிருக்கும். சுவர் தாங்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஓட்டம் நிற்கும், சூடு ஏறும். இதோடு எங்கள் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மூடி அழுத்தம் பிடித்தால் அந்த அழுத்தமே ஹோஸை உள்ளிருந்து கொஞ்சம் தாங்கும். அதுவும் இல்லை. 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியை அன்றைக்கே மாற்றினேன்.

இங்கே ஒரு விஷயம். வண்டி ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாகக் கிடந்தால் அது வேறு வியாதி. மூடியில் இருக்கும் சின்ன வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டு, ரேடியேட்டரில் பொங்கும் தண்ணீர் போய்ச் சேரும் ஸ்பேர் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப விடவில்லை என்று அர்த்தம். அதற்கு ஹோஸை மாற்றிப் பிரயோஜனமில்லை.

சரி, கடையில் தொங்குகிற கம்பி போட்ட உறிஞ்சு ஹோஸையே காருக்கு மாட்டலாமா? முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. கூடாது. படகில் அது பச்சைக் கடல்நீரை உறிஞ்சுகிறது. குளிர்ந்த தண்ணீர். பிளாஸ்டிக் சுருள் வைத்த ரகங்கள் ரேடியேட்டர் சூட்டில் மெழுகாகிவிடும். இரும்புக் கம்பி வைத்த ரப்பர் ரகம் சூடு தாங்கும் என்றாலும் நமக்கு வேண்டிய குறுகிய வளைவில் வளையாது. நுனி வரை கம்பி இருந்தால் கிளாம்ப் கம்பிமேல்தான் உட்காரும். ரப்பர் குழாயோடு பொருந்தாமல் கசியும்.

வழி ஒன்றுதான். வேண்டிய வளைவிலேயே வார்த்து வந்த இ.பி.டி.எம். ரப்பர் ஹோஸ், அதற்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங். இ.பி.டி.எம். என்பது கூலன்ட்டுக்கும் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) சூட்டுக்கும் ஓசோனுக்கும் தாங்குகிற ரப்பர். ஆனால் எண்ணெய் பட்டால் உப்பிக் கூழாகிவிடும். பெட்ரோல் ஹோஸுக்குப் போடுவது வேறு ரப்பர். அதைக் கூலன்ட்டுக்கோ இதைப் பெட்ரோலுக்கோ மாற்றிப் போடக் கூடாது. கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று நினைத்து என் கடையிலேயே கேட்பவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன்.

வளைவு கண்டுபிடிக்க வெல்டிங் ராடு ஒன்றை எடுத்து மேல்பூச்சைத் தட்டிவிட்டு, பம்ப் வாயின் நடுவிலிருந்து ரேடியேட்டர் வாயின் நடு வரை ஹோஸ் போக வேண்டிய பாதையில் வளைத்தேன். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி. எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிடத் தாராளமாக. ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிற இன்ஜின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஆடும். அந்த ஆட்டத்துக்கும் தொய்வு விட வேண்டும். அந்தக் கம்பியோடு மதுரைக்கு பஸ் ஏறினேன். ஸ்பேர் கடையில் ஹோஸ் எண் கேட்டார்கள். எண் இல்லை, கம்பி இருக்கிறது என்றேன். கடைப் பையன் மேல்தட்டில் ஏறி, தொங்கிய ஹோஸ்களை ஒவ்வொன்றாக என் கம்பிமேல் வைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு டிராக்டர் ஹோஸ் நடுப்பகுதி அச்சாகப் பொருந்தியது. இரு முனையிலும் வெட்டினால் போதும். கையோடு தேதி பார்த்தேன். ரப்பர் கடையில் தொங்கினாலும் வயசாகும். மடக்கிப் பார்த்தால் மேலே முடி போன்ற வெடிப்பு தெரிகிற ஹோஸை, பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

எப்படி வேண்டுமானாலும் மடங்குகிற நெளிநெளி ஹோஸ் ஒன்று எல்லாக் கடையிலும் உண்டு. எந்த வண்டிக்கும் மாட்டலாம் என்பார்கள். நடுவழியில் ஊர் வந்து சேர அது உதவும். நிரந்தரமாக வைத்தால் நெளிவுகளில் ஓட்டம் தடைப்படும், காற்று தங்கும், நெளிவின் அடியிலேயே விரிசல் விடும்.

அடுத்தது விட்டம். ரேடியேட்டர் வாய் 38 மி.மீ. துருவைச் சுரண்டியபின் வெர்னியரில் அளந்தால் பம்ப் வாய் அதைவிட 3 மி.மீ. குறைவு. 3 மி.மீ. தானே, கிளாம்பை முறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று பட்டறையில் சொன்னார்கள். பிடிக்காது. பெரிய ஹோஸைச் சின்ன வாயில் இறுக்கினால் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து கொசுவம் வைக்கும். அந்தக் கொசுவத்தின் வழியாகத் தண்ணீர் வரும். குளிரில் வரும், சூட்டில் நின்றுவிடும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் குழாயில் ஒரு சிறு துண்டு கடைந்து வாங்கினேன். ஒரு முனை 38, மறு முனை பம்ப் அளவு. இரண்டு முனையிலும் மோதிரம் போல ஒரு மேடு எழுப்பச் சொன்னேன். அந்த மேடு இல்லாத வழவழக் குழாயில் எந்தக் கிளாம்பும் நம்பகமில்லை. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் மெதுவாக நழுவிக் கழன்றுவிடும். பம்ப் பக்கம் அதன் அளவுக்கே ஒரு சிறு நேர் ஹோஸ். குழாய் கெட்டியானது என்பதால் அதன் இரு பக்கமும் ரப்பர் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்பிரிங் ஹோஸின் உள்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் உறிஞ்சலில் நகர்ந்து பம்பின் இறக்கையைத் தொடும். சாதா இரும்பு ஸ்பிரிங் வேண்டாம். அது துருத்தூளாக உதிர்ந்து ரேடியேட்டரை அடைக்கும்.

தம்பி இதற்கிடையில் நீல நிற சிலிக்கான் ஹோஸ் வரவழைத்துவிட்டான். பார்க்க அழகு. டாப் ஹோஸுக்காவது மாட்டலாம் என்று கெஞ்சினான். சிலிக்கான் மட்டமில்லை. சூடு தாங்குவதில் இ.பி.டி.எம்.மை மிஞ்சும், வருஷங்கள் உழைக்கும். ஆனால் அதன் சுவர் வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒழுகல் இல்லாமலே அளவு குறையும். மாசத்துக்கொரு தரம் திறந்து பார்க்கும் பழக்கம் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் வண்டி சில சமயம் நாற்பது நாள் சும்மா நிற்கும். தவிர அது மெத்தென்றது. துளை வெட்டிய சாதா கிளாம்பை இறுக்கினால் துளை வழியே ரப்பர் பிதுங்கி அறுபடும். உள்பக்கம் வழவழப்பான, பட்டி வைத்த கிளாம்ப்தான் அதற்கு ஒத்துவரும். நீல ஹோஸ் இப்போது கடையில் தொங்குகிறது.

கிளாம்ப் பற்றி நான் நிறையப் பேசுவேன். இந்தக் கரையில் ஹோஸுக்கு முன்னால் சாவது கிளாம்ப். முலாம் பூசிய இரும்புக் கிளாம்பை வாடைக் காற்றுக் காலத்தில் மாட்டினால் அடுத்த வாடைக்குள் துருப் பூத்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், ஸ்க்ரூ சாதா இரும்பாக இருக்கும். ஸ்க்ரூவில் ஒரு சின்னக் காந்தத்தை வையுங்கள். சிக்கென்று பிடித்தால் அந்தக் கிளாம்ப் வேண்டாம். மொத்தமும் 316 ரகம், அதாவது கடல் உப்பைத் தாங்குகிற ஸ்டெயின்லெஸ், என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். படகில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸுக்கு இரண்டிரண்டு கிளாம்ப் போடுவோம். அந்தப் பழக்கத்தில் காருக்கும் இரண்டு போடப் போனேன். காக்காதான் நிறுத்தினார். கார் குழாயின் வாய் குட்டை. இரண்டாவது கிளாம்ப் குழாயைத் தாண்டி வெறும் ரப்பரை நெரித்து வெட்டிவிடும். ஒன்று போதும், மேட்டுக்கும் ஹோஸ் நுனிக்கும் நடுவில், நுனியிலிருந்து 4 மி.மீ. தள்ளி. ஹோஸை ஏற்ற கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும். முதல் இரண்டு மூன்று தடவை சூடேறி ஆறியபின் ஒரு கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.

ஹீட்டர் எங்கள் ஊரில் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் ஹீட்டர் வாய்கள் இரண்டையும் கட்டை வைத்து அடைக்கவில்லை. U வடிவ ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்தேன். தெர்மோஸ்டாட் வால்வும் அதன் இடத்திலேயே இருக்கிறது. வெயில் ஊர் என்பதற்காக அதைக் கழற்றுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது இல்லாவிட்டால் இன்ஜின் ஓடவேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். தேய்மானம் கூடும்.

தண்ணீருக்கு வருகிறேன். கிணற்றுத் தண்ணீர் இனி ஒரு சொட்டும் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். பனிக்கட்டி உறையாமல் இருக்க இங்கே கூலன்ட் வேண்டாம். ஆனால் அதில் இருக்கும் துருத்தடுப்பு வேண்டும். ரேடியேட்டர் பித்தளை, பிளாக் இரும்பு, தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம். நடுவில் உப்புக் கலந்த தண்ணீர் நின்றால் அது பேட்டரி மாதிரி வேலை செய்யும். அந்த மின்னோட்டம் ஹோஸையும் உள்ளிருந்து அரிக்கும். மேலே புதுசு போலிருக்கும், உள்ளே கிளாம்பை ஒட்டிய இரண்டு அங்குலத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடியிருக்கும். அதனால் ஹோஸை அமுக்கிப் பார்ப்பவர்கள் நடுவில் அமுக்காமல் நுனியில் அமுக்க வேண்டும். நுனி, நடுவைவிட மெத்தென்றிருந்தால் மாற்றிவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு கம்பியைக் கூலன்ட்டில் முக்கி, மறு கம்பியைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் ஆபத்து. எனக்கு 0.4 காட்டியது. இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டை பச்சை பூத்திருந்தது. மாற்றியதும் 0.1-க்குக் கீழே இறங்கியது.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் விடியலில் கிளம்பினோம். தம்பி ஓட்டினான், அப்பா முன்சீட்டில், நான் பின்னால். மண்டபத்திலிருந்து பாம்பன் ரோட்டுப் பாலம், வலது பக்கம் தென்கடல், இடது பக்கம் 2025-ல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம். பாலத்தில் யாரோ நடுவில் நிறுத்தி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ந்துதான் போனோம். முள் நடுவில் நின்றது. தங்கச்சிமடம் தாண்டி வேகம் பிடித்தான். 70, பிறகு 80. அப்பா ரோட்டைப் பார்க்கவே இல்லை. முள்ளையே பார்த்தார். ராமேஸ்வரத்தைச் சுற்றி முகுந்தராயர் சத்திரம், அதற்குமேல் இரண்டு பக்கமும் கடல், நேரே அரிச்சல்முனை. முன்பு மணலில் வேன்கள் புதைந்து புதைந்து போன வழி இது. 2017-ல்தான் ரோடு வந்தது. மணல் வழியில் அப்பா இந்த வண்டியைக் கொண்டுவந்ததே இல்லை.

அரிச்சல்முனையில் வளைவில் திருப்பி நிறுத்தினோம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து குனிந்தேன். பாட்டம் ஹோஸ் உருண்டையாக நின்றது. அப்பா இறங்கி வந்து, சூடு பாராமல் ரேடியேட்டர் பக்க நுனியைத் தொட்டார். கசிவு இல்லை, ஈரமில்லாமல் இருந்தது. கிளாம்ப் மேல் ஏற்கெனவே மெல்லிய உப்புப் பொடி படிந்திருந்தது. டிக்கியில் நல்ல தண்ணீர் கேன் இருந்தது. துணியை நனைத்துத் துடைத்தார், ஸ்க்ரூவின் தலை வரை.

வீட்டுக்கு வந்து ஆறியபின் ஒவ்வொரு கிளாம்பையும் கால் சுற்று இறுக்கினேன். லேத்தில் கடைந்த துண்டின் பம்ப் பக்கத்துக் கிளாம்ப் மட்டும் அரைச் சுற்று கேட்டது. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.